எஞ்சினுக்கு இருமல்

1

எங்கள் கிளப்பில் வருடத்துக்கு ஒரு தடவை ஊர்மக்களுக்குக் கதவைத் திறந்துவிடுவார்கள். கிளப் என்றதும் சீட்டாட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். இது பொம்மை ரயில் கிளப். பொம்மை என்று நான் சொன்னது வோல்ஃப்காங் காதில் விழுந்தால் என் உறுப்பினர் அட்டையை அன்றைக்கே பிடுங்கிவிடுவார். அவர்தான் செயலாளர். 'மாதிரி ரயில்' என்று மரியாதையாகச் சொல்ல வேண்டுமாம். ஜெர்மனியின் நடுவில், பெயர் சொன்னாலும் உங்களுக்குத் தெரியாத ஓர் ஊரில், பழைய பள்ளிக்கூடத்தின் அடித்தளத்தில் மலை, குகை, பாலம், ஸ்டேஷன் என்று ஒரு தனி உலகமே கட்டி வைத்திருக்கிறார்கள். சனிக்கிழமை ஆனால் தாடி நரைத்த மனுஷர்கள் அதைச் சுற்றி நிற்பார்கள். அவர்களோடு திண்டுக்கல்காரன் ஒருவனும் நிற்பான்.

இந்த வருடம் திறப்பு நாளில் என்னுடைய எஞ்சினை முதன்முதலாகத் தண்டவாளத்தில் ஏற்றினேன். நம் ஊர் டீசல் எஞ்சின், ஒரு சாண் நீளம். அமெரிக்க எஞ்சின் ஒன்றின் கூட்டை வாங்கி, அறுத்து, ஒட்டி, நம் ரயில்வே வர்ணம் அடித்தது. வர்ணத்தைப் பார்த்து யாரும் மயங்கிவிடவில்லை. பொத்தானை அழுத்தியதும்தான் கூட்டம் நெருங்கியது. உள்ளேயிருந்து எஞ்சின் முனகிக்கொண்டு உயிர் பிடித்தது, உறுமியது, நம் ஊர் ஹார்ன் அடித்தது. ஒரு சுற்று ஓடி வந்து நின்றதும் கைதட்டினார்கள். நான் பெருமை பொங்க, அணைக்கிற பொத்தானை அழுத்தினேன். எஞ்சின் சத்தம் படிப்படியாக இறங்கி, அடங்கி, கடைசியில், 'லொக்கு'.

செத்த நேரம் கழித்து இன்னும் இரண்டு. 'லொக்கு, லொக்கு'.

"உங்கள் எஞ்சினுக்கு இருமல்! டாக்டரிடம் காட்டுங்கள்" என்றார் வோல்ஃப்காங். கூட்டம் கொல்லென்று சிரித்தது. நானும் சிரித்தேன். ஓர் அம்மாள் இன்னொரு தடவை போடச் சொன்னார். போட்டேன். இரண்டாவது தடவை, இருமலுக்குப் பின்னால் தொண்டையைச் செருமுகிற சத்தமும் காதில் விழுந்தது. ஐந்து வயதிலிருந்து எனக்குத் தெரிந்த செருமல் அது. வாசலில் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் என் அப்பா, எங்கள் வீட்டு வழக்கில் அத்தா, அப்படித்தான் செருமுவார்.

2

இந்தக் கிறுக்கு என்னவென்று தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

மாதிரி எஞ்சினுக்குள் ஸ்டாம்பு அளவில் ஒரு மின்பலகை இருக்கும். அதற்கு டிகோடர் என்று பெயர். கையிலிருக்கும் பெட்டியில் நாம் அழுத்துவது தண்டவாளம் வழியாகப் போய் அதற்குச் சேரும். ஓடு என்றால் மோட்டாரை ஓட்டும், விளக்கு என்றால் எரிக்கும், கத்து என்றால் கத்தும். கத்துவதற்கு ஒரு ஸ்பீக்கர் வேண்டும். சர்க்கரைக் கட்டி அளவு ஸ்பீக்கர். அதைச் சும்மா வைத்தால் கொசு சத்தம்தான் வரும்; காற்றுப் புகாத சின்னப் பெட்டிக்குள் அடைத்தால்தான் அடித்தொண்டை சத்தம் வரும். அதற்கு எஞ்சினுக்குள் இடம் ஏது? சக்கரம் வழுக்காமல் இருக்க உள்ளே வைத்திருக்கும் இரும்புக் கட்டியை அராவி இடம் பண்ண வேண்டும். ரொம்ப அராவினால் எஞ்சின் எடை குறைந்து, பெட்டிகளை இழுக்காமல் நின்ற இடத்திலேயே சக்கரம் சுற்றும். இதெல்லாம் அடிபட்டுத்தான் படித்தேன். ஒரு தடவை ஸ்பீக்கர் ஒயர் கூட்டில் உரசி, டிகோடர் புகைந்து, வீடு முழுக்க நாற்றம். என் மனைவி இரண்டு நாள் ஜன்னலை மூடவேயில்லை. இங்கே மார்ச் மாதக் குளிர் எப்படியிருக்கும் என்று உங்களுக்கு எழுத வேண்டியதில்லை.

இப்போது கிளப்பில் யார் எஞ்சினுக்குச் சத்தம் வைக்க வேண்டுமென்றாலும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். கூலியாகக் கேக் வரும். அவர்கள் எஞ்சின்களுக்கெல்லாம் சத்தம் கடையிலேயே ரெடியாகக் கிடைக்கிறது. என் எஞ்சினுக்கு மட்டும் திண்டுக்கல் யார்டில் கேட்ட சத்தம்தான் வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம். திண்டுக்கல்லில் எனக்கு யார் இருக்கிறார்கள்? அத்தா இருக்கிறார்.

3

அத்தா பேகம்பூரில் அக்கா வீட்டு மாடியில் இருக்கிறார். தோல் மண்டியில் உப்புத் தோலைத் தரம் பிரித்தே வயதைக் கழித்த மனுஷர். அம்மா மவுத்தாகிப் போய்ச் சேர்ந்த பிறகு எனக்கும் அவருக்கும் போனில் பேச விஷயமே இல்லாமல் போயிற்று. "சாப்டியாப்பா?" "சாப்டேன்த்தா." "குளிரா?" "குளிர்தான்." அதோடு சரி. பிறகு என் மகள் சபீனாவின் கையில் போனைத் திணிப்பேன். அவள் தனக்குத் தெரிந்த தமிழில் "நல்லா இருக்கேன் தாத்தா" என்று சொல்லிவிட்டு என்னிடமே திருப்பித் திணிப்பாள்.

எஞ்சின் விஷயம் வந்ததும் பேச்சு நீண்டது. அதை வைத்துத்தான் என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். பெரியவர் மாடியில் சும்மா உட்கார்ந்திருக்கிறார், ஒரு வேலை கொடுத்தது போலவும் ஆயிற்று என்று.

"டீசலா? இப்பப் பூராக் கரண்டு வண்டியில்லப்பா ஓடுது" என்றார் முதலில்.

"கூட்ஸ் யார்டுக்கு எப்பயாச்சும் வருமாம்த்தா. செத்த நேரம் நின்னு போன்ல எடுத்தாப் போதும்."

"அதுக்கென்ன, எடுத்துட்டாப் போச்சு."

யார்டுக்கு எதிரே டீக்கடை போட்டிருக்கிறவர் அத்தாவுக்குத் தெரிந்தவர். டீசல் வந்தால் அவர் போன் பண்ணுவார். அத்தா கையிலிருப்பதைப் போட்டுவிட்டு டவுன் பஸ் பிடித்துப் போவார். போனில் குரல் பதிகிற செயலியை அமுக்கச் சொல்லிக் கொடுத்தது அக்கா மகள். பதிந்து முடித்ததும் வாட்ஸ்ஆப்பில் எனக்கு அனுப்பிவிடுவார். முதலில் வந்த பதிவில் எஞ்சினைவிட அத்தாதான் அதிகம் கேட்டார். "ஆ, வருது வருது. இந்தா வந்துருச்சு" என்று.

"அத்தா, நீங்க பேசுறது விழுகுது. சத்தமே வரக்கூடாது. மூச்சுக்கூட விடாதீங்க" என்றேன்.

"மூச்சு விடாமயா? சரிப்பா, விடல" என்று சிரித்தார்.

அதற்குப் பிறகு வந்த பதிவெல்லாம் தங்கம். எஞ்சின் நிற்கும்போது ஒன்று, நகரும்போது ஒன்று, இழுக்கும்போது ஒன்று. நான் விடவில்லை. "ஹார்ன் தூரத்துல கேக்குதுத்தா, பக்கத்துல போய் எடுங்க." "பிரேக் கிரீச்சுங்குறது வேணும்த்தா." "அணைக்கிற சத்தம் இன்னும் வரலையே." நோன்பு மாதத்திலும் கேட்டேன். வாயில் தண்ணீர் படாமல் அந்த வெயிலில் போய் நின்று எடுத்து அனுப்பினார். ஒரு நாள் ரயில்வே போலீஸ்காரர் ஒருவர் வந்து விசாரித்திருக்கிறார். தொப்பியும் தாடியுமாக ஒரு பெரியவர் யார்டு வேலியோரம் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றால் விசாரிக்கத்தானே செய்வார்கள்? எனக்கு அது தோன்றவேயில்லை. அத்தா அதைத் தமாஷாகத்தான் சொன்னார்.

"எம்மகன் ஜெர்மனியில ரயிலு விடுறான், அதுக்குத்தேன்னேன். 'ஆளு இல்லாத ஊரா, இங்க இருந்து சத்தம் போகுது'ன்னு சிரிச்சுட்டு, வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு எடுத்துக்கங்க பாய்னாரு. நல்ல மனுசன்."

வேலிக்கு அந்தப் பக்கம் என்றால் லாரி போகிற மண்ரோடு. புழுதி. அதையும் நான் யோசிக்கவில்லை. லாரி சத்தம் விழுகிறதே என்றுதான் குறைப்பட்டேன்.

4

சத்தத்தைச் சுத்தம் செய்வது எப்படியென்றும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் செய்த காரியம் உங்களுக்கு விளங்காது.

கம்ப்யூட்டரில் போட்டால் சத்தம் கோடாகத் தெரியும். எஞ்சின் உறுமுகிற இடம் தடித்து, அடர்ந்து இருக்கும். எஞ்சின் போனபின் கோடு மெலியும். அதற்குப் பிறகு சின்னச் சின்ன மேடு. அத்தா போனை அணைக்கத் தாமதிக்கிறார் என்று அர்த்தம். அந்தத் துண்டைத் தேர்ந்தெடுத்து அழித்துவிடுவேன். கேட்டுப் பார்ப்பதில்லை. எதற்குக் கேட்க? கண்ணுக்கே தெரிகிறதே, எஞ்சின் இல்லையென்று. எல்லாப் பதிவின் வாலையும் அப்படித்தான் வெட்டினேன்.

எஞ்சினை அணைக்கிற சத்தம் ஒன்று மட்டும் தப்பிவிட்டது. யார்டில் டீசலை லேசில் அணைக்க மாட்டார்கள். டிரைவரிடம் அத்தா கேட்டுக் கேட்டு வைத்து, ஒரு நாள் வேலை முடிந்து அணைக்கும்போது அவர் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார். அந்தப் பதிவில் எஞ்சின் அடங்குகிற இடத்திலேயே மூன்று நாலு மேடு வந்தது. கடைசிக் காற்று வெளியேறுகிற சத்தம் போலும், எவ்வளவு தத்ரூபம் என்று பூரித்துப்போய், காதில் போட்டுப் பார்க்காமல் அதை அப்படியே டிகோடரில் ஏற்றினேன். அறிவு கெட்டவன்.

திறப்பு நாள் முடிந்து வீட்டுக்கு வந்ததும் சாப்பாட்டு மேசையில் கம்ப்யூட்டரைத் திறந்தேன். வெட்டியது போனாலும் அத்தா அனுப்பிய மூலப் பதிவுகள் வாட்ஸ்ஆப்பில் அப்படியே கிடந்தன. ஒவ்வொன்றாக வாலை மட்டும் கேட்டேன்.

எல்லாவற்றிலும் இருமல். எஞ்சின் இருக்கிற வரைக்கும் ஒரு சத்தம் இல்லை. எஞ்சின் தாண்டியதும் அணை உடைந்தது போல் இருமினார். நோன்புக்கு முந்திய பதிவுகளில் இரண்டு தடவை இருமி நிறுத்தினார். பிந்திய பதிவுகளில் நிறுத்த முடியவில்லை. நான் மூச்சு விடாதீங்க என்று சொன்னேன். மனுஷர் அதைச் செய்திருக்கிறார்.

இருமல் முடிந்தபின் பேசியிருக்கிறார். யாரோடு? என்னோடுதான். குரல் பதிவு என்றால் மகனுக்குப் போகிற செய்தி என்றே அவர் எண்ணியிருக்கிறார். "ம், போயிருச்சு. இது போதுமாப்பா? வெயிலு கண்ணக் கட்டுது, நான் வீட்டுக்குப் போறேன்." இன்னொன்றில், "சபீனாவுக்குப் பரீச்ச முடிஞ்சிருச்சா? பிள்ளைய ரொம்ப வையாத." இன்னொன்றில் யாரோ கொடுத்த ஆயக்குடிக் கொய்யாவைப் பற்றி. பிறகு ஒன்றில், குரலைத் தாழ்த்தி, "ஏம்ப்பா, மாடிப்படி ஏறுனா மூச்சு வாங்குது. ராத்திரியில வேத்துப் போகுது. அக்காட்டச் சொல்லிறாத, அவ பயந்துக்குவா. ஒங்கிட்ட மட்டுந்தேன் சொல்றேன்."

மறுபடியும் முதலிலிருந்து போட்டேன். சபீனா வந்து என் காதிலிருந்து இயர்போனின் ஒரு பக்கத்தைப் பிடுங்கித் தன் காதில் வைத்துக்கொண்டாள். அந்தப் பதின்ம வயதுக்கு அப்பாவின் பக்கத்தில் வந்து உட்காருவதே அபூர்வம். முழுதும் விளங்கியிருக்காது. தன் பெயர் வந்ததும், தாத்தா ஏதோ கேட்கிறார் என்பதும் மட்டும் விளங்கியது.

"தாத்தா உன்கிட்ட கேள்வி கேக்குறார். நீ என்ன பதில் சொன்னே?" என்று ஜெர்மனில் கேட்டாள்.

"ஒண்ணும் சொல்லல" என்றேன்.

"ஏன்?"



5

உடனே அக்காவுக்குப் போன் போட்டேன். மும்தாஜ் அக்காவிடம் யாரும் லேசில் பேசிவிட முடியாது. பள்ளிக்கூடத்தில் டீச்சர், வீட்டுக்கு வந்தாலும் டீச்சர்தான்.

"அத்தாவுக்கு இருமலாக்கா?"

"ஆமா, ஒனக்கு யாரு சொன்னா? நேத்துத்தான் டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனேன். எத்தன நாளா இருக்குன்னு டாக்டர் கேட்டாரு, நாலஞ்சு நாளாங்குறாரு. மருந்து எழுதிக் குடுத்துருக்காரு. சரியாப் போயிரும்."

"நாலஞ்சு நாளு இல்லக்கா. நோன்புக்கு முந்தியிலருந்து இருக்கு."

"நீ என்னடா அங்க உக்காந்துக்கிட்டு? கூட இருக்குற எனக்குத் தெரியாததா? இந்த வாரத்துக்கு முந்தி மாடியில இருந்து ஒரு நாளும் கேட்டதில்ல."

"அடக்கியிருக்காருக்கா. யார்டுல போயி இருமியிருக்காரு. எனக்கு அனுப்புன சத்தத்துல பூரா இருக்கு."

அக்கா கேட்டாள். "அப்ப இம்புட்டு நாளா நீ அதக் கேட்டுக்கிட்டா இருந்த?"

"கேக்கலக்கா. வெட்டிக்கிட்டு இருந்தேன்."

திட்டுவாள் என்று காதைத் தயாராக வைத்திருந்தேன். அவள் திட்டவில்லை. "எங்க வீட்டுல பிள்ள இருக்குடா" என்று மட்டும் சொன்னாள். அவள் என்ன பயப்படுகிறாள் என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளியைச் சோதிக்க வேண்டும் என்று நம் ஊரில் எத்தனை சுவரில் எழுதிப் போட்டிருக்கிறார்கள்! அந்தச் சுவர்களைப் பார்த்து வளர்ந்தவன்தானே நான்?

அன்றைக்கு, வெட்டி எறிந்த வால்களையெல்லாம் திரும்ப எடுத்துத் தேதிவாரியாக ஒட்டினேன். இருமலை மட்டும். பேச்சை விட்டுவிட்டேன், அது எனக்கு வந்தது. அக்கா அதை டாக்டரிடம் போட்டுக் காட்டினாள். அவர் பாதியிலேயே நிறுத்தச் சொல்லி, சளிச் சோதனைக்கு எழுதிக் கொடுத்துப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார். டி.பி. என்று வந்தது. அக்கா மகளுக்கும் சோதித்தார்கள். அவளுக்கு இல்லை, அல்ஹம்துலில்லாஹ். இருந்தாலும் அவளுக்கும் தடுப்புக்கு மாத்திரை. அந்தப் பிள்ளை மாத்திரையைப் பார்த்து முகத்தைச் சுளிக்கிறது என்று அக்கா சொல்லும்போதெல்லாம் இங்கே எனக்குச் சோறு இறங்குவதில்லை.

6

உடனே கிளம்ப வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். இங்கே தங்குவதற்கான அட்டையைப் புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறேன். அது வரும்வரை கையில் ஒரு மடிப்புத்தாள். அந்தத் தாளோடு வெளியே போனால் திரும்பி உள்ளே விடுவார்களா என்பது அதில் எந்தக் கட்டத்தில் குறி போட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. என் தாளில் குறி இரண்டு கட்டத்துக்கும் நடுவில் விழுந்திருந்தது. மின்னஞ்சல் போட்டால், பொறுமையாக இருங்கள் என்று இயந்திரம் பதில் போட்டது. நேரில் போனேன். பதற்றத்தில் கவுண்டரில் இருந்த அம்மாளை 'நீ' என்று கூப்பிட்டுவிட்டேன். இத்தனை வருடம் கழித்தும் அவசரம் வந்தால் எனக்கு ஜெர்மனில் மரியாதை ஓடிப்போகிறது. அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "முதலில் 'நீங்கள்'" என்றார். பிறகு, தகப்பனாருக்கு உடம்பு சரியில்லை என்பதற்குச் சான்று வேண்டும், ஜெர்மனில் மொழிபெயர்த்து முத்திரை குத்தி, என்றார். என் போனில் சான்று இருந்தது. மொழிபெயர்க்காமலே யாருக்கும் விளங்கக்கூடியது. அதைப் போட்டுக் காட்டலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தேன்.

அந்த அம்மாளைக் குறை சொல்லிப் பயனில்லை. அட்டை செல்லுபடியான நாட்களில் நான் எத்தனை தடவை போனேன்? போன விடுமுறையில் எஞ்சின் கூடு வாங்கத்தான் நேரம் இருந்தது.

சான்றும் முத்திரையும் கொடுத்தாகிவிட்டது. அடுத்த மாதம் போகலாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

7

நேற்று அத்தாவோடு வீடியோவில் பேசினேன். மாத்திரை ஆரம்பித்துச் சில வாரம் ஆகிவிட்டது. முகம் வற்றியிருந்தாலும் கண்ணில் தெளிச்சி இருந்தது. ஒரு வேளைகூடத் தவறாமல் ஆறு மாதம் சாப்பிட்டால் முழுக்கக் குணமாகிவிடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அக்கா தவற விடுவாளா?

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் போட்டேன். எஞ்சினைக் கையில் எடுத்து வைத்திருந்தேன். அந்த இருமலை அதிலிருந்து எடுக்க இன்னும் மனசு வரவில்லை. ஆனால் அத்தா என்னைப் பேச விடவில்லை. கோபமாக இருந்தார்.

"அக்காட்ட நீதான் சொன்னியாமே?"

"ஆமாத்தா."

"சொல்லாதன்னுதானப்பா ஒங்கிட்டச் சொன்னேன். இந்தா பாரு, மாடியில என்னையப் பூட்டாத கொறைதேன். டீ குடிக்கப் போகணும்னாலும் முகமூடி மாட்டுங்குறா."

நான் வாயைத் திறந்தேன். அவர் கையை உயர்த்தி அடக்கினார். கோபம் இறங்கிவிட்டது அவருக்கு.

"சரி விடு. நீயும் என்ன பண்ணுவ? இம்புட்டு நாளா எனக்காக வாயத் தொறக்காம இருந்தியே, அதுவே பெருசு. ஒனக்கும் உள்ளுக்குள்ள எம்புட்டு வேதனையா இருந்திருக்கும். பாவம்ப்பா நீ."

எஞ்சினை மேசையில் இறக்கி வைத்தேன். அவர் சிரித்தார்.

"அங்க நின்னு நாம்பாட்டுக்கு ஒங்கிட்டப் பேசிக்கிட்டு இருப்பேன். டீக்கடைக்காரரு, 'யாருகிட்டப் பாய் பேசுறீங்க'ம்பாரு. எம்மகன்கிட்டன்னு சொல்லுவேன். அம்புட்டையும் கேட்டேல்ல?"

"கேட்டேன்த்தா" என்றேன்.

அது பொய்யில்லை. எப்போது கேட்டாய் என்று அவர் கேட்கவில்லை.